அடைக்கலம் காத்த ஊர் – நெவேர்

(பொன்விழாவையொட்டி நடந்த பங்குமக்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டத்தில் நம் பங்கின் பெருமையைப் பேசாமல், கடல் கடந்த பிரான்சு நாட்டின் சிறு நகரம் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே சாமியார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் லூர்து கெபி இல்லாத பங்கைக் காண்பது அரிது. கெபிக்குள்ளே தேவதாயின் சுரூபம். அதை அண்ணாந்து பார்த்தபடி முழந்தாளிட்டிருக்கும் ஒரு சிறுமி. தாய்க்கு மாலை சூட்டுகிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஆனால் காட்சிகள் முடிந்தபின் அந்தச் சிறுமி எழுந்து எங்கே போனாள்? எப்படி வாழ்ந்தாள்? எங்கே இறந்தாள்? இதைக் கேட்பவர்கள் குறைவு.

அவள் போன ஊரின் பெயர் நெவேர். அந்த ஊரின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கதையின் முடிவில் நம் பங்கைப் பற்றியும் பேசுவோம்.

ஊரும் ஆறும்

பாரிஸ் மாநகருக்குத் தெற்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவில், லுவார் ஆற்றின் வலக்கரையில் ஒரு மேட்டின்மீது நெவேர் அமைந்திருக்கிறது. பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். நியேவ்ர் என்னும் சிற்றாறு ஊருக்குள்ளேயே வந்து அதில் கலக்கிறது. மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, அலியே என்னும் பெரிய ஆறும் வந்து சேருகிறது. பழைய காலத்தில் இந்தப் பகுதிக்கு நிவெர்னே என்று பெயர். அதற்குத் தலைநகர் நெவேர். தலைநகர் என்றவுடன் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். 1975-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 45,000-க்குச் சற்று மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 33,000 அளவுக்குக் குறைந்துவிட்டது. பிள்ளைகள் படித்து, வேலை தேடிப் பெரிய நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதல்லவே!

இந்த ஊரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றிற்று. சில ஊர்கள் போரினால் பேர்பெற்றவை. சில ஊர்கள் வாணிபத்தினால். நெவேரின் குணம் வேறு. அது ஒப்படைக்கப்பட்டதை வைத்துக் காக்கும் ஊர். நம் தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: அடைக்கலம். இன்னொருவர் நம்பி ஒப்படைத்த பொருளையும் அடைக்கலம் என்கிறோம். அண்டி வந்தவருக்குத் தரும் புகலிடத்தையும் அடைக்கலம் என்கிறோம். இந்த இரு பொருளும் நெவேருக்குப் பொருந்தும்.

தொடக்கத்தில் என்னவோ அது சரியாக அமையவில்லை! கிறிஸ்து பிறப்பதற்கு 52 ஆண்டுகளுக்கு முன் ரோமைத் தளபதி ஜூலியஸ் சீசர் கோல் நாட்டில் போரிட்டுக்கொண்டிருந்தபோது, லுவார் கரையில் நோவியோதுனும் என்ற ஊரில் தன் பிணைக்கைதிகளையும், தானியத்தையும், பணத்தையும், மூட்டை முடிச்சுகளையும் பாதுகாப்பாக வைத்திருந்தார். அந்த ஊரே இன்றைய நெவேர் என்பது வழிவழியாக வரும் கருத்து. நண்பர்கள் என்று அவர் நம்பியிருந்த ஏதுவி குலத்தார் திடீரென எழும்பி, காவலரைக் கொன்று, பணத்தையும் குதிரைகளையும் பங்கிட்டு, தானியத்தில் கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோய், மிச்சத்தை ஆற்றிலும் நெருப்பிலும் போட்டு, ஊரையே கொளுத்திவிட்டார்கள். வாள்முனையில் திரட்டி வைத்தது அப்படித்தான் போயிற்று.

குழந்தை கேட்ட ஆடை

ஆறாம் நூற்றாண்டு முதல் நெவேருக்கு ஆயர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேராலயம் புனித சீர், புனித ஜூலித்தா ஆகிய இருவர் பெயரால் விளங்குகிறது. ஜூலித்தா தாய், சீர் அவருடைய குழந்தை. வேதகலாபனைக் காலத்தில் தாயும் பிள்ளையுமாக உயிர் கொடுத்தவர்கள் என்பது திருச்சபை மரபு.

இந்தப் பேராலயத்தைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. சார்லமேன் பேரரசர் ஒருநாள் கனவு கண்டாராம். காட்டில் ஒரு பன்றி அவர்மேல் பாய வருகிறது. அப்போது ஆடையில்லாத ஒரு குழந்தை தோன்றி, ‘எனக்கு உடுத்த ஆடை தருவீரானால் உம்மைக் காப்பேன்’ என்கிறது. அரசர் வாக்குக் கொடுக்கிறார், தப்புகிறார். விழித்தெழுந்து பொருள் கேட்டபோது நெவேர் ஆயர் சொன்னாராம்: ‘அரசே, அந்தக் குழந்தை எங்கள் சீர்தான். அவன் கேட்கும் ஆடை, சிதைந்து கிடக்கும் அவனுடைய கோவிலுக்கு ஒரு கூரை.’ இது கதைதான். வரலாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூரை ஒழுகும் கோவிலை வைத்துக்கொண்டு நன்கொடை கேட்டு நடந்த எந்தப் பங்குத்தந்தைக்கும் அந்த ஆயரின் சமயோசிதம் புரியும்!

பேராலயத்தின் அமைப்பும் விசித்திரமானது. சாதாரணமாகக் கோவிலுக்கு ஒரு பக்கம் வாசல், எதிர்ப்பக்கம் பீடம். இங்கோ இரு முனைகளிலும் பீடப் பகுதி இருக்கிறது. மேற்கே உள்ளது பதினோராம் நூற்றாண்டின் பழைய பாணி. கிழக்கே உள்ளது பதினான்காம் நூற்றாண்டின் உயர்ந்த கூர்மாடப் பாணி. புதியதைக் கட்டியவர்கள் பழையதை இடித்துப்போடவில்லை. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டார்கள். அதே ஊரில் 1097-ம் ஆண்டு அபிஷேகம் செய்யப்பட்ட புனித முடியப்பர் கோவிலும் ஒன்பது நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் நிற்கிறது.

பிரபுக்களும் குயவர்களும்

1565-ம் ஆண்டு, நெவேர் கோமகளான ஹென்றியெத் என்பவரை இத்தாலியின் மாந்துவா நாட்டு இளவரசர் லூயி கொன்சாகா மணந்தார். கொன்சாகா என்ற பெயர் நமக்குத் தெரிந்ததுதான். நம் இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்த குலம் அதுவே. இந்தப் பிரபுவும் அவர் மனைவியும் ஆண்டுதோறும் தங்கள் நிலப்பகுதிகளைச் சேர்ந்த அறுபது ஏழைப் பெண்களுக்குச் சீதனம் கொடுத்து மணமுடித்து வைக்க ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். சீதனத்துக்காகத் தூக்கமிழந்த தகப்பன்மார் நம்மிடையே இருப்பதால் இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் காலத்தில் இத்தாலியின் அல்பிசோலாவிலிருந்து கொன்ராத் சகோதரர் முதலான மண்பாண்டக் கலைஞர் நெவேருக்கு வந்து குடியேறினார்கள். உள்ளூர்க் களிமண்ணைப் பிசைந்து சுட்டு, வெள்ளீயம் கலந்த வெண்பூச்சில் தோய்த்து, அந்தப் பூச்சு காய்ந்தபின், அதைச் சுடுவதற்கு முன்பே அதன்மீது வண்ணம் தீட்டி, மறுபடியும் சூளையில் வைப்பார்கள். பூச்சு மையை உறிஞ்சுவதுபோல் வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடும். இழுத்த கோடு இழுத்ததுதான், அழிக்க முடியாது. நீலம், மஞ்சள், பச்சை, ஊதா ஆகிய வண்ணங்களே அந்தக் கடுஞ்சூட்டைத் தாங்கின. சிவப்பு அவர்களுக்குக் கைகூடவில்லை. ஆனாலும் நெவேர் நீலம் என்ற பெயர் பிரான்சு முழுவதும் பரவிற்று. தட்டுகளும் சாடிகளும் லுவார் ஆற்றுப் படகுகளில் ஊர் ஊராய்ப் போயின.

இந்தக் குயவர்கள் ஏழை எளியவர்களுக்காகவும் தட்டுகள் செய்தார்கள். ஞானஸ்நானத்துக்கோ திருமணத்துக்கோ, ஒருவருடைய பெயர்கொண்ட புனிதரின் உருவத்தைத் தீட்டி, கீழே அவருடைய பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொடுப்பார்கள். பெயர்கொண்ட புனிதர் அடுப்படிச் சுவரிலிருந்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரபுக்களின் வம்சம் வேறு நாட்டு அரியணை ஏறி மறைந்தது. 1659-ம் ஆண்டில் நெவேர் சிற்றரசையே கர்தினால் மசரேன் விலைகொடுத்து வாங்கினார். அந்த ஏழைகளின் தட்டுகளோ இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

கல்லறை வாசலில் எழுதிய வாசகம்

1789-ம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பழைய மாநிலங்கள் ஒழிக்கப்பட்டு, நெவேர் ஒரு புதிய மாவட்டத்தின் தலைமையிடம் ஆயிற்று. புனிதர்களைத் தீட்டிய அதே குயவர்கள் இப்போது சுதந்திரச் சின்னங்களைத் தீட்டினார்கள். ஏழைகளுக்குப் புரட்சி நீதி தேடியது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் சில ஆண்டுகளில் அது கோவில்மேல் கைவைத்தது.

1793-ம் ஆண்டு ஜோசப் ஃபுஷே என்பவர் புரட்சி அரசின் பிரதிநிதியாக நெவேருக்கு வந்தார். முன்பு துறவற சபை ஒன்றின் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தவர்தான். அவர் அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார். வெளியிடங்களிலிருந்து சமயச் சின்னங்களை அகற்ற வேண்டும். கல்லறைத் தோட்டங்களின் வாசலில் ‘மரணம் ஒரு முடிவில்லாத உறக்கம்’ என்று எழுதி வைக்க வேண்டும் என்பது அந்த ஆணை. சற்று எண்ணிப் பாருங்கள். தாயைப் புதைக்கப் போகிற மகன் அந்த வாசகத்தின் கீழேதான் நுழைய வேண்டும்! 1801-ம் ஆண்டு திருச்சபைக்கும் அரசுக்கும் உடன்பாடு ஏற்பட்டபோதுகூட நெவேருக்கு ஆயர் இல்லை. மறைமாவட்டம் ஓத்தன் மறைமாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1823-ல்தான் ஊருக்கு மீண்டும் ஆயர் கிடைத்தார்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘முடிவில்லாத உறக்கம்’ என்று எழுதச் சொன்ன அதே ஊருக்குத்தான் லூர்து நகர்ச் சிறுமி வந்து சேர்ந்தாள்.

ஒளிந்துகொள்ள வந்தவள்

பெர்னதெத் சூபிரூ 1844-ம் ஆண்டு ஜனவரி 7-ம் தேதி லூர்து நகரில் பிறந்தாள். 1858-ம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை தேவதாய் அவளுக்குத் தோன்றினார். அதன்பின் அவளுக்கு அமைதியில்லை. பார்க்க வந்தவர்கள், கேள்வி கேட்டவர்கள், காசு திணிக்க முயன்றவர்கள்! காசை அவள் தொட மறுத்தாள்.

லூர்து மருத்துவமனையில் நெவேர் அன்புச் சகோதரிகள் பணிசெய்தார்கள். அந்தச் சபையை 1680-ம் ஆண்டு தெ லவேன் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி நிவெர்னே நாட்டுக் கிராமம் ஒன்றில் தொடங்கினார். ஏழை நோயாளிகளைக் கவனிப்பதும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதுமே பணி. அவர்களுடைய தாய்மடம் நெவேரில் இருக்கும் சென் ஜில்தார். அங்கே சேர வழிகாட்டியவர் நெவேர் ஆயர் ஃபொர்காத். அவர் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். நம் புதுவைப் பகுதியில் பலகாலம் உழைத்த குருக்களின் சபை அதுவே. ஆயராவதற்கு முன் 1844-ல் ஜப்பானை அடுத்த தீவுகளுக்குப் போய் மறைபரப்ப முயன்றவர் அவர். பின்னாளில் எக்ஸ் நகரப் பேராயராக இருந்தபோது, காலரா நோயாளிகளைச் சந்திக்கப் போய் அதே நோயால் 1885-ல் உயிர்விட்டார்.

1866-ம் ஆண்டு ஜூலை 7-ம் தேதி இரவில் பெர்னதெத் நெவேர் வந்து சேர்ந்தாள். மறுநாள் சகோதரிகள் எல்லாரும் கூடியிருக்க, தன் ஊர் உடையிலேயே நின்று, கண்டதை ஒருமுறை சொன்னாள். பிறகு அதைப்பற்றிப் பேச வேண்டாம் என்பது கட்டளை. ஒளிந்துகொள்ளவே இங்கே வந்தேன் என்பது அவளுடைய வார்த்தை. நெவேர் அவளுக்கு அடைக்கலம் தந்தது.

1867-ம் ஆண்டு அக்டோபர் 30-ம் தேதி வார்த்தைப்பாடு. ஒவ்வொரு சகோதரிக்கும் போகவேண்டிய மடமும் செய்யவேண்டிய பணியும் அறிவிக்கப்பட்டன. பெர்னதெத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. ‘இவள் எதற்கும் உதவமாட்டாள்’ என்றார் மடத்துத் தலைவி. ஆயர் அவளை அழைத்து, ‘உனக்கு ஜெபிக்கும் பணியைத் தருகிறேன்’ என்றார். தாய்மடத்திலேயே நோயாளர் அறையில் உதவியாளராக இருந்தாள். பிறகு கோவில் பொருள்களைப் பேணும் வேலை. நம் ஊரில் கோவில்பிள்ளை செய்யும் வேலை. ஆஸ்துமாவும் எலும்புருக்கியும் அவளை வாட்டின. ஒரு சகோதரி லூர்து படமொன்றைக் காட்டியபோது, ‘துடைப்பத்தை வைத்து என்ன செய்வோம்? பெருக்கியபின் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவோம். மாதா என்னைப் பயன்படுத்தினார், மூலையில் வைத்தார், அதுவே என் இடம்’ என்ற கருத்துப்படப் பதில் சொன்னாள். நம் வீடுகளிலும் துடைப்பத்துக்குக் கதவுமூலைதானே இடம்!

1876-ம் ஆண்டு லூர்து பேராலயம் பெருவிழாவோடு அபிஷேகம் செய்யப்பட்டது, அவள் போகவில்லை. 1877-ல் புதுச்சேரிக்கருகே வில்லியனூரில் லூர்து மாதா சுரூபம் நிறுவப்பட்டபோது, அந்தக் காட்சியைக் கண்டவள் நெவேர் மடத்தில் உயிரோடிருந்தாள். நம் முன்னோர் பாடிப் பவனி வந்த நாளில் அவள் முழங்கால் வலியோடு போராடிக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் நெஞ்சம் நெகிழ்கிறது.

1879-ம் ஆண்டு ஏப்ரல் 16-ம் தேதி, உயிர்ப்பு வாரத்துப் புதன்கிழமை, நாற்காலியில் சாய்ந்தபடியே உயிர்விட்டாள். வயது 35. மடத்துத் தோட்டத்தில் சூசையப்பர் சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். புனிதர்பட்ட விசாரணைக்காக 1909, 1919, 1925 ஆகிய ஆண்டுகளில் கல்லறையைத் திறந்தபோது உடல் அழுகிச் சிதையாமல் இருந்தது. 1925-ல் மெல்லிய மெழுகு முகமூடியிட்டு, கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள். பார்க்கிறவர்கள் மெழுகின் அழகைக் கண்டு ஏமாறவேண்டாம். அதன் அடியில் இருப்பது உழைத்து, நொந்து, நோயில் கிடந்த ஏழைப் பெண்ணின் உடல். 1933-ம் ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி திருத்தந்தை 11-ம் பத்திநாதர் அவளைப் புனிதை என்று அறிவித்தார்.

அன்று ஃபுஷே எழுதச் சொன்னார்: உறக்கம், அதற்கு முடிவில்லை என்று. இன்று உலகெங்குமிருந்து நெவேருக்கு வருகிறவர்கள் உறங்குவதுபோல் கிடக்கும் ஒருத்தியின் முன் முழந்தாளிட்டு, உறக்கத்துக்கு முடிவுண்டு, உயிர்ப்பு உண்டு என்று விசுவசிக்கிறார்கள். யாரும் வாதாடவில்லை. ஒரு நோயாளிச் சகோதரி மௌனமாக அதற்குப் பதிலானாள்.

குண்டு திறந்து காட்டியது

இன்னும் ஒரு நிகழ்ச்சி. 1944-ம் ஆண்டு ஜூலை 16 இரவு, ஜெர்மானியர் பயன்படுத்திய இரயில் பாதைகளைத் தகர்க்க வந்த நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் ஊர்மீதும் பேராலயத்தின்மீதும் விழுந்தன. பலர் மாண்டனர். பேராலயத்தின் கிழக்குப் பகுதி சிதைந்தது. பழைய கண்ணாடிச் சித்திரங்கள் நொறுங்கின. ஆனால் இடிபாடுகளை அகற்றித் தோண்டியபோது, தளத்துக்கு அடியில் ஆறாம் நூற்றாண்டு ஞானஸ்நான மண்டபத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அந்த ஊரின் முதல் கிறிஸ்தவர்கள் தண்ணீரில் மறுபிறப்படைந்த இடம்! எத்தனையோ தலைமுறையினர் அறியாமலே அதன்மேல் நடந்திருக்கிறார்கள்.

ஊரார் கோவிலைத் திரும்ப எழுப்பினார்கள். புதிய கண்ணாடிச் சாளரங்கள் எழுபதுகளில் தொடங்கி 2011-ம் ஆண்டுதான் நிறைவெய்தின. ஓர் இரவில் உடைந்ததைச் சரிசெய்ய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நமக்கு ஒப்படைக்கப்பட்டது

பங்குமக்களே, நம் பிள்ளைகளும் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். விழாவுக்கு வருகிறார்கள், கொடி இறங்கியதும் பஸ் ஏறுகிறார்கள். ‘சாமி, இந்தச் சின்ன ஊரில் இனி என்ன இருக்கிறது?’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல நான் யார்? பிழைப்பு அங்கே இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு நெவேர் ஒரு பதில் வைத்திருக்கிறது. காட்சி கிடைத்தது லூர்து நகருக்கு. கண்டவளைக் காத்தது நெவேர். கூட்டம் கூடுகிற இடமும் வேண்டும், கூட்டம் கலைந்தபின் விளக்கணையாமல் பார்த்துக்கொள்கிற இடமும் வேண்டும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்ன? நம் கோவில் பதிவேடுகளில் உங்கள் பாட்டன் பாட்டிமாரின் ஞானஸ்நானம் எழுதப்பட்டிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் உயிர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் வயோதிகர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இவையெல்லாம் நமக்கு அடைக்கலப் பொருள்கள்.

இந்த மலரில் நன்கொடையாளர்களின் பெயர்கள் இடம்பெறும், அது முறைதான். அதோடு இன்னொரு பட்டியலையும் நாம் தயாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஐம்பது ஆண்டுகளில் மணியடித்தவர்கள், கோவிலைப் பெருக்கியவர்கள், பீடத்துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள், மழையிலும் வந்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்கள், நோயாளி வீடுகளில் இரவில் ஜெபமாலை சொன்ன பெண்கள் ஆகியோரின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இளைஞர்கள் எழுதி வரட்டும். கேட்கப் போகும் இளைஞர்கள் அந்த முதியவர்களோடு ஒருமணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். அவசரம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பெயர் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய் நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு கோவில் முன்மண்டபத்தில் இருப்பேன். வாருங்கள்.